சொல்லாமல் விட்ட விசை

சிக்னே லாட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்த நேரத்தைவிட எழுந்து நடந்த நேரம்தான் அதிகம்.

பெவ்வின் சாப்பாட்டுக் கடையில் ஜன்னலோர மேஜை எங்களுடையது. வெளியே ஏரியில் பனிக்கட்டி உடைந்து கரையோரமாக மிதந்துகொண்டிருந்தது. டுலூத் துறைமுகத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கப்பல் பருவம் ஆரம்பித்துவிட்டது.

"உக்காருங்க சிக்னே," என்றேன். "நடக்கற இடத்துக்கும் சேத்து பெவ் பில் போட்டுடப் போறாங்க."

அவள் உட்கார்ந்தாள். கரண்டியை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எழுந்தாள்.

என் முதலாளி ஆக்னஸ் ரூட் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்யர்களைப் பிடித்துவிட்டு, பிறகு சொந்தமாகத் துப்பறியும் தொழிலுக்கு வந்தவர். நான் கர்ட் பெல்கி, அவருடைய உதவியாளன். யோசிக்கிற வேலை அவருக்கு, பேசுகிற வேலை எனக்கு. சம்பளம் எதற்கு அதிகம் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

"மறுபடியும் மொதல்லேருந்து," என்றார் ஆக்னஸ்.

"எத்தனை தடவை சொல்றது மேடம்? மணி இப்பவே ரெண்டரை. நாலு மணிக்கு, தப்பு என்னுதுதான்னு நான் கையெழுத்துப் போடணும்."

"அதனாலதான் கேக்கறேன்."

சிக்னே வேலை பார்ப்பது பைன் நாட் என்கிற கம்பெனியில். மொத்தமே நாலு பேர். இரும்புத் தாது ஏற்றுகிற கப்பல்களில் எந்தச் சரக்கறையை முதலில் நிரப்புவது, எதை அடுத்து நிரப்புவது என்று துறைமுகத்துக்குச் சொல்வதுதான் அவர்கள் தொழில். போன வாரம் எட்னா ஹோல்ம் என்ற கப்பலுக்கு அவர்கள் அனுப்பிய வரிசை தப்பு. முன்பக்கம் பாரம் ஏறி, கப்பல் வளைந்து, கரையோடு கட்டியிருந்த கம்பிவடம் அறுந்தது. அறுந்த வடம் ரஸ் என்கிற துறைமுகத் தொழிலாளியின் காலில் அடித்தது. காலை எடுக்காமல் காப்பாற்றிவிடலாம் என்று டாக்டர்கள் சொல்கிறார்களாம். அந்த ஃபைலைக் கடைசியாகச் சேமித்தது யார் என்று பார்த்தால் எஸ்.எல். என்று இருக்கிறது. சிக்னே லாட்டி.

"சரியான வரிசை என்ன?" என்றார் ஆக்னஸ்.

"மூணு, ஒண்ணு, அஞ்சு, ரெண்டு, நாலு. பாரம் ரெண்டு பக்கமும் சமமா ஏறணும்."

"அனுப்பினது?"

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு."

"கேக்கவே லட்சணமா இருக்கே," என்றேன்.

"அதனாலதான் யார் கண்ணுலயும் படல." சிக்னே ஜன்னலைப் பார்த்துப் பேசினாள். "நான்தான் பண்ணியிருக்கணும். வேற யாரு? தப்பு என்னுதுன்னா கையெழுத்துப் போடறதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா எப்படிப் பண்ணேன்னு தெரியல. தெரியாம ஒத்துக்கிட்டா, இனிமே ஒரு வரி எழுதறதுக்குக்கூட என் கையை நானே நம்ப மாட்டேன்."

அவளுக்கு முப்பத்திரண்டு வயதுதான் இருக்கும். தூங்காத கண். எனக்கு அவள்மேல் நிஜமாகவே பாவமாக இருந்தது, அதனால் ஜோக்கு எதுவும் சொல்லவில்லை.

"அன்னிக்கு சாயந்தரம் அந்த ஃபைல்ல என்ன செஞ்சீங்க?"

"தினம் செய்யறதுதான். மேல சரக்கறை வரிசை இருக்கும். ரொம்பக் கீழ துறைமுகத்துக்காரங்க அனுப்பற குறிப்புகள் இருக்கும். வீட்டுக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி அந்தக் குறிப்புல கர்சரை வெச்சு ஒரு கீயைத் தட்டுவேன். அகர வரிசையில, எண்ணா இருந்தா எண் வரிசையில, அடுக்கிடும். சேமிச்சுட்டுப் போயிடுவேன்."

"அடுக்குச்சா?"

"முன்னாடியே அடுக்கித்தான் இருந்துச்சு. சும்மா பழக்கத்துல தட்டறது."

"குறிப்பை செலக்ட் பண்ணிட்டுத் தட்டினீங்களா?"

சிக்னே முதல் தடவையாக லேசாகச் சிரித்தாள். "எங்க ஆபீஸ்ல அது கெட்ட வார்த்தை. எங்க முதலாளி மெர்ல் செவுத்துலயே எழுதி மாட்டியிருக்கார். கர்சர் எந்தப் பத்தியில நிக்குதோ அதுதான் கணக்கு. டுவேன் மட்டும் கேக்க மாட்டார், எல்லாத்தையும் செலக்ட் பண்ணுவார். அவர் கப்பல்ல மேட்டா, அதாவது கேப்டனுக்கு அடுத்த ஆளா இருந்து வந்தவர், அவரைத் திருத்த முடியாது."

இந்த இடத்தில் நான் பெவ்வைப் பார்த்துக் காலித் தட்டைத் தூக்கிக் காட்டினேன். எனக்கு இன்னொரு துண்டு புளூபெர்ரி பை என்கிற இனிப்பு வேண்டியிருந்தது. பெவ் கையில் நாலு தட்டோடு சமையலறை ஜன்னல் பக்கம் திரும்பி, "அதே மாதிரி இன்னொண்ணு!" என்று கத்திவிட்டுப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் என் முன்னால் வந்து இறங்கியது வெங்காயம் போட்டு வறுத்த கல்லீரல்.

"பெவ், நான் கேட்டது பை. இதுல புளூபெர்ரி எங்க இருக்குன்னு காட்டினா தின்னுடறேன்."

"நான் சொல்லிட்டேனே, அதே மாதிரின்னு."

"எதை மாதிரின்னு சொன்னீங்களா?"

"சமையல்காரனுக்கு என்ன தெரியும்? நீ எந்த மேஜைன்னு அவன் எட்டிப் பாக்கவா போறான்? கடைசியா அந்த லாரிக்காரனுக்குப் போட்டது கல்லீரல். அதையே போட்டுட்டான்." பெவ் என்னைத்தான் முறைத்தாள், ஏதோ நான்தான் சமைத்த மாதிரி.

ஆக்னஸ் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் அப்படி நிதானமாக எதையாவது கீழே வைத்தால் நான் வாயை மூடிக்கொள்வது வழக்கம்.

"சிக்னே, நீங்க கீயைத் தட்டறீங்க. உள்ள அடுக்கற நிரல் ஓடுது. நீங்க எந்தப் பத்தியில நிக்கறீங்கன்னு அந்த நிரலுக்கு யாரு சொல்றது?"

"கீதான். தட்டினதும், 'கர்சர் இங்க இருக்கு, இந்த வரியிலேருந்து இந்த வரி வரைக்கும்'னு சேத்து அனுப்பும். நான்தான் அப்படி எழுதினேன்."

"சேத்து அனுப்பாட்டி?"

சிக்னே நடந்துகொண்டிருந்தவள் நின்றாள். "அனுப்பாட்டி... நிரலுக்குத் தானா எதுவும் தெரியாது. அந்த ஃபைல்ல கடைசியா எதை செலக்ட் பண்ணாங்களோ அதை எடுத்துக்கும். டுவேனுக்காக அப்படி ஒரு வழி வெச்சேன்."

"மத்தியானம் டுவேன் எதையாவது செலக்ட் பண்ணி விட்டுட்டுப் போயிருந்தா, அதை சாயந்தரம் நீங்க தட்டும்போதும் ஞாபகம் வெச்சிருக்குமா?"

"ஃபைலைத் திறக்கற எடிட்டர் புரோகிராமை மூடாம இருந்தா வெச்சிருக்கும். எங்க எடிட்டரை மூடறதே கெடையாது. ஆபீஸ் பூராவுக்கும் ஒண்ணுதான், எந்த மேஜையில உக்காந்தாலும் அதுக்குள்ளதான் போவோம்." அவள் குரல் உயர்ந்தது. "ஆனா மேடம், கீ சொல்லும்! நான் எழுதினது கண்டிப்பா சொல்லும்!"

"நீங்க எழுதினது சொல்லும். அன்னிக்கு இருந்தது சொல்லிச்சா?"

சிக்னே நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். அப்புறம் அவள் எழுந்திருக்கவே இல்லை, நாங்கள்தான் கையைப் பிடித்து எழுப்ப வேண்டியிருந்தது.

"கர்ட், கோட்டை எடு."

"பாஸ், கல்லீரல்?"

"பார்சல் கட்டச் சொல்லு. யோசனை குடுத்ததே அதுதான்."

காரில் ஏறியதும் சிக்னே முன்சீட்டைப் பிடித்து உலுக்கினாள். "நேராப் போயி அந்தக் கீயோட வரியைக் காட்டச் சொல்லலாம். எல்லா கீயும் ஒரே பொது ஃபைல்ல இருக்கு. என்னை வேலையிலேருந்து ஒதுக்கி வெச்சிருக்காங்க, எடிட்டருக்குள்ள விட மாட்டாங்க, ஆனா நீங்க கேட்டாக் காட்டித்தான் ஆகணும்."

"அந்தப் பொது ஃபைலை யார் மாத்தினாங்கன்னு பதிவு உண்டா?"

"கப்பல் ஃபைலுக்குத்தான் பதிவு. இதை எல்லாரும் ஒரே பேர்ல தொடுவோம்."

"அப்ப காட்டச் சொன்னா நமக்குக் கெடைக்கறது ஒரு அரைகுறை வரி. யார் அரைகுறையாக்கினாங்கன்னு தெரியாது. 'சிக்னேவே தப்பா எழுதிட்டா'ன்னு முடிச்சுடுவாங்க. அந்தக் கீயைப் பத்தி நீங்களா ஒரு வார்த்தை பேசக் கூடாது. கர்ட், நீயும்தான்."

"நான் எப்ப பாஸ் பேசியிருக்கேன்?"

ஆக்னஸ் வண்டியைக் கிளப்பினார். மேட்டுச் சாலையில் ஏறி பைன் நாட் வாசலில் நிறுத்தியபோது மூன்றைத் தாண்டியிருந்தது.

அலுவலகம் பழைய செங்கல் கட்டிடத்தின் மாடியில். ஜன்னல் வழியாகக் கீழே தாது ஏற்றும் மேடை முழுசாகத் தெரிந்தது. ஒரு கப்பல் நின்றிருந்தது, மேலே தாதுவைக் கொண்டுவந்து கொட்டும் பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. செம்மண் நிறத்தில் தூசி.

முதலாளி மெர்ல் தோர்சன் பின்னல் சட்டையும் நல்ல சிரிப்புமாக எங்களை வரவேற்றார். மேஜைமேல் காபியும் ஒரு தட்டு நிறைய லெமன் பார் கேக்கும் இருந்தன. பக்கத்தில் சிக்னே கையெழுத்துப் போடவேண்டிய காகிதம், பேனாவோடு தயாராக.

"சிக்னே, நீயும் வந்தது நல்லதாப் போச்சு. யாருக்கும் இதுல சந்தோஷம் இல்லம்மா."

சிக்னே தலையை மட்டும் ஆட்டினாள். பாவம், வாயைத் திறந்தால் என்ன வருமோ என்ற பயம் அவளுக்கு.

"ஒரு சம்பிரதாயம்தான் மிஸ்டர் தோர்சன்," என்றார் ஆக்னஸ். "கையெழுத்துக்கு முன்னாடி அந்த ஃபைலை என் கண்ணால ஒரு தடவை பாத்துடறேன்."

"தாராளமா, மிஸ் ரூட். டுவேன், காட்டேன்."

டுவேன் ஹாவ்லிக் பெரிய உடம்புக்காரர். கப்பலில் மேட்டாக இருந்தவர் என்று சொல்லாமலே தெரியும். நாற்காலியில் உட்காரும்போதுகூட கால்களை அகட்டித்தான் உட்கார்ந்தார். எட்னா ஹோல்ம் ஃபைலைத் திறந்தார். பேசப் பேச அவர் கை சும்மா இருக்கவில்லை. வரிசையின் கடைசி வரியில் ஆரம்பித்து மேல்நோக்கி இழுத்து, ஐந்து வரியையும் செலக்ட் பண்ணிக் காட்டினார்.

"ஏன் கீழேருந்து மேல?" என்றேன்.

"கப்பலைப் பின்பக்கத்துலேருந்துதான் தம்பி படிக்கணும். என் அறை பின்பக்கம்தான் இருந்துச்சு."

"கோளாறு வந்த அன்னிக்கு மத்தியானமும் இப்படிக் காட்டினீங்களோ?" என்று கேட்டார் ஆக்னஸ், லெமன் பார் எடுத்தபடி.

"காட்டினேன். இவன்தான் கேட்டான், 'எட்னா வரிசையைக் கொஞ்சம் காட்டு'ன்னு." டுவேன் மெர்ல் பக்கம் தலையை ஆட்டினார். "ஏங்க?"

"சும்மாத்தான். இன்னொருத்தர் இருக்காங்கல்ல இங்க?"

"கோரின். சிக்னே வேலையை இப்ப அவதான் பாக்கறா. இன்னிக்கு சீக்கிரம் போயிட்டா."

நான் ஆக்னஸ் காதருகே குனிந்தேன். "பாஸ், இந்தத் தடியன்தான். செலக்ட் பண்ணதை வாயாலயே ஒத்துக்கிட்டான்."

"உன் மோவாயில லெமன் ஒட்டியிருக்கு, துடை." பிறகு சத்தமாக, "மிஸ்டர் தோர்சன், எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் சமாச்சாரமே ஓடாது. ஏதோ ஒரு கீயைத் தட்டினா எல்லாம் அடுக்கிடுமாமே? அதை ஒரு தடவை பாத்துட்டாப் போதும், நாங்க கெளம்பிடுவோம். நீங்களே காட்டுங்களேன்."

மெர்ல் கடிகாரத்தைப் பார்த்தார். சிரித்தார். "அதுக்கென்ன."

அவர் டுவேனின் இடத்தில் உட்கார்ந்து புது ஃபைல் ஒன்றைத் திறந்தார். ஆக்னஸ் தன் கடை லிஸ்டைச் சொன்னார். முட்டை, காபி, வெங்காயம், சோப்பு. மெர்ல் அடித்தார். பிறகு முதல் வரிக்குப் போய், கடைசி வரி வரைக்கும் செலக்ட் பண்ணி, கீயைத் தட்டினார். வரிகள் குதித்து அகர வரிசையில் நின்றன.

"அவ்வளவுதான்."

"அடேயப்பா!" ஆக்னஸ் கைதட்டாத குறைதான். "கீழ இன்னொரு லிஸ்ட் போடுங்க, காய்கறி. என் உதவியாளருக்கு ஒரு தடவை காட்டினா ஏறாது."

"டீசல் மூளைங்க," என்றேன். "சூடாக நேரமாகும்."

மெர்ல் கீழே முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட் என்று அடித்தார். மறுபடியும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் செலக்ட் பண்ணப் போனார். செலக்ட் பண்ணுவதற்குள் ஆக்னஸ் பேசினார்.

"கர்ட், அந்தச் செவுத்துல என்ன எழுதியிருக்கு?"

நான் திரும்பிப் பார்த்தேன். மரப்பலகையில் அழகாகச் செதுக்கி, வார்னிஷ் அடித்து மாட்டியிருந்தது. சத்தமாகப் படித்தேன். "'செலக்ட் பண்றது டூரிஸ்ட் வேலை. நில், தட்டு, போய்க்கிட்டே இரு.' கீழ மெர்ல் தோர்சன்னு கையெழுத்து."

டுவேன் தொடையில் தட்டிச் சிரித்தார். "அட ஆமா மெர்ல்! பன்னெண்டு வருஷமா என்னை இதுக்குத்தானே திட்டற! இன்னிக்கு நீயே டூரிஸ்ட் ஆயிட்டியா?"

சிரித்தவர் மெர்லின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"விருந்தாளிக்குப் புரியட்டுமேன்னு..." என்றார் மெர்ல்.

"புரிஞ்சுது. இப்ப உங்க வழியில காட்டுங்க. காய்கறியில கர்சர் நிக்குது. செலக்ட் பண்ணாம தட்டுங்க."

மெர்லின் விரல் கீக்கு மேலே போனது. அங்கேயே நின்றது. இறங்கவில்லை. இவ்வளவு பெரிய மனிதர் இவ்வளவு சின்ன வேலையைச் செய்ய முடியாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கே சங்கடமாகிவிட்டது.

சிக்னேதான் அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டித் தட்டினாள்.

காய்கறி லிஸ்டில் ஒரு வரிகூட அசையவில்லை. முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட், அடித்தது அடித்தபடியே.

"சொல்லல," என்றாள் சிக்னே. "கீ சொல்லவே இல்ல. அது மேல இருக்கற பழைய லிஸ்டையே திரும்ப அடுக்கியிருக்கு."

அவள் பொது ஃபைலைத் திறந்தாள். அந்தக் கீயின் வரி திரையில் வந்தது. நிரலின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி. அதற்குள் கர்சர் நிற்கும் இடத்தைச் சொல்கிற இரண்டு சொற்கள் இருக்கவேண்டுமாம். ஒன்றுமில்லை, காலி.

"இது இவளே பண்ண தப்பா ஏன் இருக்கக்கூடாது?" மெர்லுக்குக் குரல் திரும்பியிருந்தது. "இதை எழுதினவ அவ!"

"இருக்கலாம்," என்றார் ஆக்னஸ். "ஆனா அப்படி இருந்தா உங்களுக்கு அது தெரிஞ்சிருக்காதே. வீட்டுல மாடிப்படி ஒண்ணு உடைஞ்சிருந்தா, தெரியாதவன் அதுல காலை வெப்பான். தெரிஞ்சவன்தான் தாண்டிப் போவான். நீங்க பன்னெண்டு வருஷத்துப் பழக்கத்தை விட்டுட்டு ரெண்டு தடவை தாண்டப் பாத்தீங்க. முதல் தடவை தாண்டியும் ஆச்சு."

மெர்ல் யாரையும் பார்க்கவில்லை. காபிக் கோப்பையை எடுத்தார், குடிக்காமல் வைத்தார்.

"செலக்ட் பண்ணத் தெரிஞ்ச டுவேனை வரிசையைக் காட்டச் சொன்னீங்க," ஆக்னஸ் தொடர்ந்தார். "அவர் பழக்கம் உங்களுக்குத் தெரியும். சாயந்தரம் சிக்னே தட்டிட்டுத்தான் போவாங்கன்னும் தெரியும். ஒருத்தர் குறி வெச்சுட்டுப் போனாரு, இன்னொருத்தர் சுட்டுட்டுப் போனாங்க. ரெண்டு பேருக்குமே தெரியாது. நீங்க செஞ்சது நடுவுல ரெண்டு வார்த்தையை அழிச்சது மட்டும்தான்."

"யாருக்கும் அடிபடணும்னு நான் நெனைக்கல." மெர்லின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "வரிசையைக் கப்பல் மேட் ஒரு தடவை பாப்பான். பாத்து சிரிப்பான். 'உங்க சிக்னே தூங்கிட்டாளா?'ன்னு எனக்கு ஃபோன் வரும். அது ஒண்ணுதான் எனக்கு வேண்டியிருந்தது."

"எதுக்கு?" என்றாள் சிக்னே.

"எதுக்கா? சரக்கறை வரிசையைத் தானாப் போடற புது புரோகிராமை இந்தப் பருவத்துலயே ஓட்டணும்னு நான் துறைமுகத்துக்காரங்ககிட்ட எத்தனை தடவை போனேன்! ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வி. 'சிக்னே என்ன சொல்றா?' நீ சோதனை முடியலன்னு சொல்லிட்டே. முடிஞ்சுது. கம்பெனி என்னுது, வாசல்ல இருக்கற பேர் என்னுது. ஆனா உன் வார்த்தைக்குத்தான் அங்க மரியாதை."

டுவேன் எழுந்து நின்றார். அறை சின்னதாகிவிட்ட மாதிரி இருந்தது.

"மேட் ஏன் பாக்கலன்னு தெரியுமா மெர்ல் உனக்கு? நான் அவன்கிட்ட பேசினேன். ஒவ்வொரு தடவையும் பாக்கறவன் அன்னிக்கு மட்டும் ஏன்டா விட்டேன்னு கேட்டேன். கீழ எஸ்.எல்.னு போட்டிருந்துச்சு, அதனால பாக்கலன்னான்."

மெர்ல் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார்.

எனக்கு வெற்றிக் களிப்பில் ஏதாவது சொல்லத் தோன்றியது. கேஸ் முடிந்தது, நாலு மணிக்கு இன்னும் நேரம் இருக்கிறது, பார்சலில் கல்லீரல் ஆறிக்கொண்டிருக்கிறது. சிக்னே அழுவாள், ஆக்னஸ் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்வாள் என்று காத்திருந்தேன்.

அவள் அழவில்லை. திரையில் இருந்த அந்தக் காலி அடைப்புக்குறியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு அழிச்சதை அதுக்கப்புறம் ஏன் திருப்பி எழுதல?"

"மறுநாளே எழுதலாம்னுதான் இருந்தேன்," என்றார் மெர்ல் கைகளுக்குள்ளிருந்து. "அதுக்குள்ள ரஸ்ஸுக்கு... அப்புறம் அந்த ஃபைல் பக்கமே போகப் பயமாயிடுச்சு."

"அப்ப இத்தனை நாளும் கீ இப்படியேதான் இருக்கு." அவள் டுவேன் பக்கம் திரும்பினாள். "டுவேன், ஒவ்வொரு கப்பல் வரும்போதும் கோரினுக்கு வரிசையை விளக்குவீங்களா?"

"விளக்காம? புதுசா கத்துக்கறா."

"செலக்ட் பண்ணி?"

"செலக்ட் பண்ணித்தான்..." டுவேனின் வாய் திறந்தபடியே நின்றது.

"அப்புறம் சாயந்தரம் கோரின் கீழ போயி குறிப்புல நின்னு கீயைத் தட்டுவா. நான்தான் அவளுக்கு அப்படிச் சொல்லிக் குடுத்தேன்."

நாங்கள் அஞ்சு பேரும் ஒரே சமயத்தில் ஜன்னலைப் பார்த்தோம். கீழே கப்பல் நின்றிருந்தது. பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது.

"அது என்ன கப்பல்?" என்றார் ஆக்னஸ்.

"வால்டர் பீட்," என்றார் டுவேன். "மத்தியானம்தான் ஏத்த ஆரம்பிச்சாங்க."

சிக்னே ஏற்கெனவே அந்த ஃபைலைத் திறந்துகொண்டிருந்தாள். திரையில் ஆறு வரிகள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒழுங்காக வரிசையில் நின்றன.

அவள் மேஜைமேல் இருந்த ஃபோனை இழுத்து ஸ்பீக்கரில் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றாள். யாரோ எடுத்தார்கள். பின்னால் பெல்ட் இரைச்சல்.

"ஆர்லோ பேசறேன், மேடையிலேருந்து."

"ஆர்லோ, நான் சிக்னே. வால்டர் பீட்டை நிறுத்துங்க."

அந்தப் பக்கம் இரைச்சல் மட்டும்தான் கேட்டது.

"ஆர்லோ?"

"சிக்னே, உன் ஃபோன் வந்தா காதுல வாங்கக் கூடாதுன்னு மெர்ல் நேத்து எழுதி அனுப்பியிருக்கார். நீ அங்க இல்லன்னாரு." ஆர்லோவின் குரலில் தயக்கம் இருந்தது. "ரஸ் என் மச்சினன், தெரியுமில்ல?"

"தெரியும்."

ஆக்னஸ் மெர்லின் தோளைத் தொட்டார், நீங்க சொல்லுங்க என்பதுபோல. மெர்ல் வாயைத் திறந்தார். சிக்னே கையை உயர்த்தி அவரைத் தடுத்தாள்.

"ஆர்லோ, வரிசை தப்பு. எட்னாவுக்கு ஆன அதே தப்பு. எப்படி ஆச்சுன்னு எனக்கு இப்பத் தெரியும், அப்புறம் உக்காந்து சொல்றேன். இப்ப எத்தனையாவது அறையில ஊத்தறீங்க?"

"ரெண்டு முடிஞ்சு மூணு ஆரம்பிக்கப் போறோம்."

"மூணைத் திறக்காதீங்க. ஆளுங்களை வடத்துக்குப் பக்கத்துலேருந்து விலக்குங்க. தயவுசெஞ்சு, ஆர்லோ."

சிக்னேவின் விரல்கள் மேஜை விளிம்பைப் பிடித்திருந்தன, நகமெல்லாம் வெளுத்துப் போயிருந்தது.

பிறகு ஃபோனில் ஆர்லோ வாயைத் திருப்பிக்கொண்டு கத்துவது கேட்டது. "நிறுத்துங்கடா! எல்லாத்தையும் நிறுத்து! வடத்துக்கிட்ட நிக்கறவன் எல்லாம் பின்னாடி போ! யார் சொன்னதா? சிக்னே சொல்றா!"

ஜன்னலுக்கு வெளியே பெல்ட் மெதுவாகி நின்றது. தூசி இறங்கியது. டுவேன் தொப்பென்று நாற்காலியில் விழுந்தார். சிக்னே இப்போதுதான் அழுதாள், சத்தமே இல்லாமல், முகத்தைத் துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல்.

"நின்னாச்சு சிக்னே," என்றார் ஆர்லோ. "இப்ப எந்த அறையில ஊத்தணும்? நீ சொல்லு, எழுதிக்கறேன்."